ஆயிரம் மீற்றர் ஆழத்தில் கிடப்பதை அதிர்வு காட்டுமா?

03.02.2024, அச்சுவேலியிலிருந்து வந்த கேள்வி

அண்ணை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் எங்கள் பக்கம் வீடு வீடாகக் கதைத்துத் திரிகிறார். பூமிக்குள் அதிர்வை அனுப்பி ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கிற தாதுக்களைப் படம் எடுக்கலாமாம். வன்னியில் ஒரு காணியில் எடுத்த படத்தையும் காட்டினார். அதில் சிவப்பாகத் தெரிவது முழுக்கச் செம்பும் பொன்னுமாம். பங்கு ஒன்று ஐந்து இலட்சம். அப்பா அரை மனதாக இருக்கிறார். இப்படி ஒரு முறை உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை சுத்துமாத்தா?

03.02.2024, இரவு

முறை உண்மை. ஆளைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் எழுதி முடிக்கும் வரைக்கும் காசைத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், தம்பி. நான் மெதுவாக எழுதுகிறவன்.

04.02.2024

1996 முதல் 2010 வரை கனடாவில் இந்த வேலையைத்தான் செய்தேன். முதல் மூன்று வருடம் முழங்கால் பனியில் கேபிள் இழுத்தேன். பிறகு பதிவு வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் மேசையில் பார்த்ததை நான் காட்டில் பிடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

யுத்த காலத்தில் பங்கருக்குள் குந்தியிருந்தவர்களுக்கு இந்த முறையின் பாதி ஏற்கெனவே தெரியும். தூரத்தில் ஷெல் விழுந்தால் முதலில் முதுகு சாய்ந்திருக்கிற மண் நடுங்கும். சத்தம் பிறகுதான் வரும். காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீற்றர் போகும். சுண்ணக்கல்லில் அதன் பத்து மடங்கு போகும். அந்த இடைவெளியை அம்மா எண்ணுவா. நாலு வரை எண்ணினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். "தூரத்தில்தான், படுங்கோ" என்பா. பிறகு கனடாவில் முதல் நாள் பயிற்சியில் ஒருவர் பலகையில் கோடு கீறி நேரம், தூரம், வேகம் என்று விளக்கியபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

மீதிப் பாதி எதிரொலி. மேலே ஒரு அதிர்வை உண்டாக்குகிறோம். துளைக்குள் சின்ன வெடி வைக்கலாம், அல்லது வயிற்றுக்குக் கீழே இரும்புத் தட்டுள்ள பார வண்டியை நிறுத்தித் தரையை முனக வைக்கலாம். அலை கீழே போகிறது. கல் மாறுகிற இடத்தில் கொஞ்சம் தெறித்து மேலே வருகிறது. வரிசையாக நட்டு வைத்த ஜியோபோன்கள் (தரையின் நடுக்கத்தைப் பிடிக்கிற சின்னக் கருவிகள்) அதைக் கேட்கின்றன. கடினமான பழைய பாறையில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6000 மீற்றர். 1200 மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 0.4 விநாடி. கண் இமைக்கிற நேரம்.

இதை ஏன் இவ்வளவு செலவழித்துச் செய்கிறார்கள்? காந்தத்தையும் ஈர்ப்பையும் மின்கடத்தலையும் அளக்கிற மற்ற முறைகள் மேலே கிடப்பதை மலிவாகக் காட்டிவிடும். ஆழம் கூடக் கூட எல்லாம் கலங்கிப் போகும், கிணற்றின் அடியில் விழுந்த சாவி மாதிரி. அதிர்வலை ஒன்றுதான் கிலோமீற்றர் கணக்கில் போயும் ஓரளவு கூர்மையோடு திரும்பி வருகிறது. மேலே கிடந்த தாதுக்களை உலகம் பெரும்பாலும் தோண்டி முடித்துவிட்டது. அதனால்தான் எண்ணெய்க்காரரின் முறையைச் சுரங்கக்காரர் கடன் வாங்கினார்கள்.

06.02.2024

"கண்டுபிடித்த உதாரணம் ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம்" என்று இதை வாசித்து எழுதுகிற கோண்டாவில்காரர் ஒருவர் கேட்கிறார்.

கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் ஹாஃப்மைல் ஏரி என்று ஓரிடம். ஈயமும் துத்தநாகமும் சேர்ந்த கந்தகத் தாது மேற்பகுதியில் இருப்பது முன்னமே தெரியும். 1995இல் அங்கே முப்பரிமாண நில அதிர்வு அளவை செய்தார்கள். ஆழத்தில் ஒரு தெறிப்பு தனியாக நின்றது. 1999இல் துளை போட்டார்கள். ஏறத்தாழ 1200 மீற்றரில் தாது அகப்பட்டது. மேலே நின்று பார்க்கிறவனுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு சாடையும் கிடைத்திராது. நான் அந்தக் குழுவில் இல்லை, பிந்திப் போனவன். ஆனால் காட்டுக் கொட்டிலில் தேநீர் குடிக்கும்போது எல்லோரும் சொல்லுகிற கதை அதுதான்.

காரணம் சுலபம். கந்தகத் தாது பாரமானது, அதனால் பளிச்சென்று தெறிக்கும். படத்தில் எது பளிச்சென்று இருக்கிறதோ அங்கே துளை போடு.

06.02.2024, சற்றுப் பிந்தி

ஒஸ்லோவிலிருந்து எழுதுகிற அண்ணை, எங்கள் ஊர்ச் சாத்திரியாரும் கிணற்றுக்கு நிலையம் எடுத்தபோது தரையில் காலால் தட்டித்தான் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்ததா? அதைச் சொல்லவில்லையே.

09.02.2024

மேலே 6ஆம் திகதி, பளிச்சென்று இருக்கிற இடத்தில் துளை போடு என்று எழுதிய பந்தியை அழிக்க மனம் வருகிறது, ஆனால் கிடக்கட்டும். அது பிழை. அந்தப் பிழையில்தான் உங்கள் அப்பாவின் ஐந்து இலட்சம் தொங்குகிறது, தம்பி.

அலை கல்லின் பெயரைக் கண்டு திரும்பி வருவதில்லை. இரண்டு கல் சந்திக்கிற இடத்தில், ஒன்றின் வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கி வருகிற எண் மற்றதன் எண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுதான் தெறிப்பு. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 0.06 ஆவது வந்தால்தான் படத்தில் தெரியும் என்பது தொழிலில் உள்ள கைக்கணக்கு.

சாதாரணக் கருங்கல்லுக்கு வேகம் 6 (விநாடிக்குக் கிலோமீற்றர்), அடர்த்தி 2.7 (தண்ணீர் 1 என்றால்), பெருக்கினால் 16 சொச்சம். பைரைற் என்ற இரும்புக் கந்தகத்துக்கு வேகம் 8, அடர்த்தி 5, பெருக்கினால் 40. இரண்டும் சந்தித்தால் 0.4க்கு மேல். கண்ணாடி மாதிரி தெறிக்கும். சரி. ஆனால் நிக்கலோடு கூடிக் கிடக்கிற பிரோற்றைற் என்ற இன்னொரு இரும்புக் கந்தகம் அப்படி இல்லை. அது பாரம்தான், 4.6. ஆனால் வேகம் 4.7தான். பெருக்கினால் 21 முதல் 22. அது கருங்கல்லுக்குள் கிடந்தால் 0.14, நன்றாகத் தெரியும். கப்ரோ என்ற கரும்பச்சைப் பாறைக்குள் கிடந்தால்? கப்ரோவுக்கு வேகம் 7, அடர்த்தி 3, பெருக்கினால் 21. கழித்துப் பாருங்கள். ஒன்றுமே மிஞ்சாது. அதே தாது, அதே அளவு, அதே ஆழம், ஆனால் படத்தில் வெறுமை.

இன்னும் இருக்கிறது. தாதே இல்லாத வெறும் கப்ரோ கருங்கல்லுக்குள் நுழைந்து கிடந்தால் 0.13. பளபளவென்று தெரியும்.

இது எனக்கு ஏட்டில் இருந்து வரவில்லை. ஒரு கொம்பனி (பெயர் வேண்டாம்) நாங்கள் பிடித்துக் கொடுத்த கோடு (ஒரு வரிசை ஜியோபோனின் பதிவு) ஒன்றில் 900 மீற்றர் அளவில் அழகான தெறிப்பைக் கண்டது. பக்கத்தில் பழைய துளை ஒன்று இருந்தது. அதற்குள் கருவி இறக்கி வேகமும் அடர்த்தியும் அளந்திருக்கலாம். இரண்டு நாள் வேலை. அளக்கவில்லை. நேரே புதுத் துளை போட்டார்கள். ஏழு கிழமை. கல் வெளியே வந்த நாளில் நானும் போய்ப் பார்த்தேன். பெட்டி பெட்டியாகக் கப்ரோ. நனைத்துப் பார்த்தால் அழகான கல், மேசைக்கு மேல் போடலாம். அடுத்த மாதம் எங்கள் குழுவில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை அனுப்பவில்லை, அது வேறு கதை.

ஆகவே அந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் காணியின் கல்லை எடுத்து வேகமும் அடர்த்தியும் அளந்தீர்களா?"

10.02.2024

அச்சுவேலித் தம்பிக்கு: அவர் "எங்களுடைய மென்பொருளே கண்டுபிடித்துவிடும்" என்றாராம். ம்ம்.

15.02.2024

தென்னாபிரிக்காவில் பொன்னையே இப்படிக் கண்டார்களே என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். கண்டார்கள், ஆனால் பொன்னை இல்லை.

அங்கே விட்வோட்டர்ஸ்ரான்ட் என்ற இடத்துப் பொன் ஒரு மீற்றர், சில இடங்களில் அதற்கும் குறைந்த தடிப்புள்ள கூழாங்கல் படைகளில் இருக்கிறது, கிலோமீற்றர் கணக்கான ஆழத்தில். அலைநீளம் என்பது வேகத்தை மீடிறனால் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதால்) வகுத்தது. 6000ஐ 60ஆல் வகுத்தால் 100 மீற்றர். கால் அலைநீளத்துக்குக் கீழே உள்ள தடிப்பைப் பிரித்து அறிவது கடினம், அதாவது 25 மீற்றர். ஒரு மீற்றர் படையை எங்கே பார்ப்பது? எண்பதுகளில் அங்கே செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் பொன்னைத் தேடவில்லை, பொன்னுக்கு மேலே இருக்கிற கூரையைத் தேடினார்கள். வென்டர்ஸ்டோர்ப் எரிமலைக்குழம்புப் பாறை மேலே, குவாட்சைற் என்ற இறுகிய மணற்கல் கீழே, இரண்டும் சந்திக்கிற இடத்தில் பொன் படை. வேகமும் அடர்த்தியும் மேலுள்ளதற்கு ஏறத்தாழ 6.4உம் 2.9உம், கீழுள்ளதற்கு 5.75உம் 2.7உம். கணக்குப் போட்டால் 0.09. தெரியும். எங்கே அந்தக் கூரை பிளவில் முறிந்து இறங்குகிறது என்றும் தெரியும். சுரங்கத்தின் குழியை எங்கே இறக்குவது என்பதற்கு அந்தப் பிளவுகள்தான் முக்கியம். இரண்டு கிலோமீற்றர் குழி வெட்டிவிட்டு "ஐயோ, படை நாற்பது மீற்றர் கீழே போய்விட்டது" என்று சொல்ல முடியாது.

போர்த்துகலின் நெவெஸ் கோர்வோ சுரங்கத்தில் மறுவளமாக நடந்தது. செம்ப்ளானா என்ற படையை 2010இல் துளைதான் முதலில் தொட்டது. அடுத்த வருடம் முப்பரிமாண அளவை செய்து அது எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று பார்த்தார்கள். கல்லை அளந்தாயிற்று, இனி எதைத் தேடுகிறோம் என்று தெரியும். எனக்கு இந்த ஒழுங்குதான் பிடிக்கும்.

18.02.2024

இலங்கையில் யாராவது செய்தார்களா என்ற கேள்வி.

எண்ணெய்க்காகச் செய்தார்கள். எழுபதுகளில் மன்னார் பேசாலையில் சோவியத் உதவியோடு துளை போட்டதை எங்கள் வயதுக்காரர் மறக்கவில்லை. 2011இல் மன்னார்க் கடலில் கெய்ர்ன் நிறுவனத்தின் துளை எரிவாயுவைத் தொட்டது. அதெல்லாம் படை படையாகப் படுத்துக் கிடக்கிற அடையற் பாறை. அலைக்கு அது மெத்தை விரித்த மாதிரி.

தாதுக்களின் கதை வேறு. போகலையிலும் கஹட்டகஹவிலும் உள்ள காரீயச் (பென்சிலுக்குள் இருக்கிற கிராபைற்) சுரங்கங்களை எடுங்கள். கஹட்டகஹ 600 மீற்றருக்கு மேல் இறங்கியிருக்கிறது, ஆகவே ஆழத்தில் தாது இருப்பது புதினம் இல்லை. ஆனால் காரீயம் மெல்லிய நரம்பாக, கிட்டத்தட்டச் செங்குத்தாக ஓடுகிறது. கதவின் விளிம்பைப் பார்த்து "தம்பி, திரும்பி வா" என்று மேலிருந்து கூப்பிடுகிற வேலை. காரீயம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மின்முறையை விட்டுவிட்டு அதிர்வுக்கு ஏன் போக வேண்டும்? சிலாபத்துக்கு அருகே பனிரண்டாவவில் இரும்பும், 1971இல் தெரியவந்த சேருவில செம்பும் இரும்பும் என்றால் மக்னற்றைற் என்ற காந்த இரும்புத் தாது இருக்கிறது. அதைக் காந்தமானி மோப்பம் பிடிக்கும். அதிர்வு முறை கடைசியில் வருகிற விலை உயர்ந்த விருந்தாளி. வேறு முறை ஒன்றும் செய்து பார்க்காத காணியில் அதை முதலில் கொண்டுவருகிறேன் என்கிறவரைக் கேள்வி கேட்க வேண்டும்.

குடாநாட்டுக்குக் கீழே? மயோசீன் காலத்துச் சுண்ணக்கல், அதற்குக் கீழே மணற்கல், அதற்கும் கீழே பழைய பாறை. எங்களுக்குக் கிடைத்த கனிமம் சுண்ணக்கல்தான். காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்து ஆலை வந்ததும் அதனால்தான்.

18.02.2024, பின்குறிப்பு

சாய்வைப் பற்றிச் சொல்ல மறந்தேன். படுத்துக் கிடக்கிற படை அலையை நேரே மேலே அனுப்பும். 45 பாகை சாய்ந்து 1000 மீற்றரில் கிடக்கிற தாது, தன் முகத்துக்குச் செங்குத்தாக, சாய்வு இறங்குகிற பக்கம் அனுப்பும். அங்கே ஒரு கிலோமீற்றர் தள்ளி ஜியோபோன் இருந்தால் கேட்கும். 70 பாகை என்றால் இரண்டே முக்கால் கிலோமீற்றர் தள்ளி. தாதுக்கு நேரே மேலே நின்று ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குப் போன குழுக்கள் உண்டு.

02.03.2024

கதைத்தது போதும் என்று மருமகன் (பதினோராம் வகுப்பு) அடம்பிடித்தான். தெரிந்தவரிடம் 24 ஜியோபோன் உள்ள சின்னப் பெட்டி ஒன்றை இரண்டு நாளைக்கு வாங்கினோம். அதிர்வுக்கு ஏழு கிலோ சம்மட்டி. தட்டுக்கு உழவு இயந்திரத்தின் பழைய இரும்பு ஒன்று. இடம், புத்தூரில் அண்ணாவின் வெங்காயத் தோட்டம், அறுவடை முடிந்த தறை. ஒரு மீற்றருக்கு ஒன்றாக நட்டோம்.

இது எதிரொலி முறை இல்லை, முறிவு முறை. மேலே உள்ள மெதுவான மண்ணுக்குள் போன அலை, கீழே உள்ள வேகமான கல்லில் ஏறி ஓடி, முன்னுக்குப் போய் மேலே வரும். ஒழுங்கையால் போகிறவனைப் பெரிய வீதியால் சுற்றிப் போகிறவன் முந்துவது போல. முந்துகிற தூரம் தெரிந்தால் கல்லின் ஆழம் தெரியும்.

அடித்தோம். பக்கத்து வளவு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்து "என்ன, பிள்ளையள் புதையலோ?" என்றா. மருமகன் "ஓம் ஆச்சி" என்றுவிட்டான். பின்னேரத்துக்குள் எட்டுப்பேர் வந்துவிட்டார்கள்.

செம்பாட்டு மண்ணில் வேகம் 400, கல்லில் 3200, முந்துகிற தூரம் 5 மீற்றர். கணக்கில் ஆழம் 2.2 மீற்றர். ஏழேகால் அடி. பெருமையோடு எழுதி வைத்தேன்.

அண்ணா அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் அடித்த முனையில் எட்டு அடியில் கல். மற்ற முனையில் ஒரு முழத்தில் "டங்" என்றது.

02.03.2024, இரவு

இந்த மண்ணைப் பற்றி ஒன்று. எங்கள் சுண்ணக்கல்லின் முதுகு மேசை போல இல்லை, பல் போல. செம்பாடு அதன் இடுக்குகளை நிரப்பிக் கிடக்கிறது. நாளைக்கு யாராவது வலிகாமத்தில் ஆழத்துக்கு எதிரொலி எடுக்க வந்தால் முதல் தலையிடி இதுதான். மூன்று மீற்றர் செம்பாட்டைக் கடக்க அலைக்கு, விநாடிக்கு 500 மீற்றர் என்று வைத்தாலும், விநாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதே மூன்று மீற்றர் 3200 வேகச் சுண்ணக்கல் என்றால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. வித்தியாசம் ஐந்து. 100 மீடிறனில் அலை ஒன்று மேலும் கீழும் போய்வர எடுக்கும் நேரம் ஆயிரத்தில் பத்து. பக்கத்துப் பக்கத்து ஜியோபோன்களில் ஒன்று மண்ணிலும் ஒன்று கல்லிலும் இருந்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் செத்துப்போகும். ஆயிரம் மீற்றர் போய்வந்த அலையைக் கடைசி மூன்று மீற்றர் கொல்லும்.

வடக்கு ஒன்ராறியோவில் செம்பாடு இல்லை, பாசி. பனி உருகினால் பாசிக்குள் ஜியோபோன் பஞ்சு மெத்தையில் வைத்த காது. அதற்காகவே மாரியில் போவோம், எல்லாம் உறைந்திருக்கும். ஆனால் இரவில் ஐஸ் வெடிக்கும், அந்தச் சத்தமும் பதிவாகும். ஒரு நிம்மதி கிடையாது.

04.03.2024

இதை வாசிக்கிற இணுவில் ரீச்சர் ஒருவர் பிழையைப் பிடித்துவிட்டா. "ஒரு முனையிலிருந்து மட்டும் அடித்துவிட்டு ஆழம் சொல்லலாமா? கல் சாய்ந்திருந்தால் நீங்கள் அளந்த வேகமே பொய்யாச்சே." முழுக்கச் சரி. பதினான்கு வருடம் இதில் இருந்தவன் இப்படிச் செய்தது வெட்கம். கல் மேல்நோக்கி ஏறிப்போனால் வேகம் கூடினதாகவும், இறங்கிப்போனால் குறைந்ததாகவும் தெரியும். இரண்டு முனையிலும் அடித்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை வரும். அன்று கை நோ எடுத்தது, அதுதான் காரணம். வேறு சாட்டு இல்லை.

17.03.2024

மறுபடி போனோம், இரண்டு முனையிலும் நடுவிலும் அடித்தோம். கல்லின் வேகம் ஒரு பக்கமிருந்து 3200, மறுபக்கமிருந்து 2300. இரண்டையும் தனித்தனியே நம்பியிருந்தால் வேறு வேறு கல் என்று எழுதியிருப்பேன்.

நடுவில் இரண்டு ஜியோபோனில் வரவு பிந்தியது, பிறகு சரியாகிவிட்டது. அண்ணா அந்த இடத்தில் அலவாங்கைப் போட்டுத் தட்டினார். கோறைச் சத்தம். எங்கள் பெரியப்பா கிணறு வெட்ட வெடி வைக்க முன்னம் இப்படித்தான் தட்டிக் காது வைத்துக் கேட்பார். கோறை என்றால் அந்த இடத்தில் மருந்து வைக்க மாட்டார், வெடி பொந்துக்குள் போய்ச் சும்மா புகைக்கும் என்பார். சுண்ணக்கல்லைத் தண்ணீர் அரித்த பொந்துகள். நிலாவரையும் கீரிமலையும் பெரிய பொந்துகள், இது சின்னது.

ரீச்சர் அடுத்த கேள்வியையும் வைத்திருக்கிறா. சம்மட்டியை விட்டுப் பெரிய வெடி வைத்தால் சுண்ணக்கல்லின் அடியை முறிவு முறை காட்டுமா? காட்டாது. சுண்ணக்கல்லில் அலை வேகமாகப் போகும், அதற்குக் கீழே உள்ள மணற்கல் அதைவிட மெதுவாக இருந்தால் அலை அதில் ஏறி ஓடாது, கீழ்நோக்கி வளைந்து போய்விடும். அந்தப் படை வரைபில் இல்லாதது போலவே இருக்கும், அதற்குக் கீழே உள்ளவற்றின் ஆழமும் பிழைக்கும். அதற்கு எதிரொலி முறை வேண்டும். எதிரொலிக்கு மேலே சொன்ன செம்பாடும் பொந்தும் எதிரி. எங்கள் காலடி இந்த வேலைக்கு அவ்வளவு சிநேகமான இடம் இல்லை.

வெடி வைக்கிறதைப் பற்றி ஒருவர் பகிடியாக எழுதியிருந்தார். இங்கே மண்ணுக்குள் "டும்" என்றால் இன்னும் சிலர் எழும்பி ஓடுவார்கள். நான் சிரிக்கவில்லை.

05.04.2024

மருமகன் கேட்டான், முதல் முதலில் யார் இப்படித் தட்டிப் பார்த்தது என்று. றொபேட் மாலெற் என்ற ஐரிஷ்காரர், 1849இல், டப்ளினுக்குப் பக்கத்துக் கில்லைனிக் கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்துக் கொளுத்தினார். ஜியோபோன் இல்லை. கிண்ணத்தில் பாதரசம், அதன் மேல் ஒரு பிம்பம், அதைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு இருந்தார். பிம்பம் நடுங்கியபோது நேரம் குறித்தார். மணலில் விநாடிக்கு ஏறத்தாழ 250 மீற்றர், கருங்கல்லில் ஏறத்தாழ 500. உண்மையில் கருங்கல்லில் அதன் பத்து மடங்கு. முதலில் வந்த மெல்லிய அலையைப் பாதரசம் உணரவில்லை, பின்னால் வந்த பெரிய நடுக்கத்தைத்தான் அவர் கண்டார். கருவி கேட்கிற அளவுக்குத்தான் கல் பேசும்.

எனக்கும் நடந்தது. 1998 மாரியில் ஆறு ஜியோபோன் தொடரைக் கம்பி மாறிக் கொழுவிவிட்டேன். மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம். எட்டு நாள் பதிவு. பதிவு வண்டியில் இருந்த முதியவர் கத்தவில்லை, என்னைக் கூப்பிட்டுக் கடதாசியை நீட்டி "எது உன்னுடையது என்று காட்டு" என்றார். காட்டினேன். பிறகு ஒருநாளும் மாறவில்லை.

21.04.2024

அச்சுவேலித் தம்பி அந்தப் படத்தைக் கைப்பேசியில் பிடித்து அனுப்பியிருக்கிறார். பார்த்தேன்.

நிலைக்குத்துக் கோட்டில் எண் இருக்கிறது, அலகு இல்லை. மீற்றரா விநாடியா? விநாடி என்றால் எந்த வேகத்தை வைத்து ஆழமாக்கினார்கள்? கிடைக் கோட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று இல்லை. எத்தனை ஜியோபோன், எத்தனை தரம் அதிர்வு கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை. சிவப்பு என்பது எந்தச் செய்திட்டத்திலும் ஒருவர் தேர்ந்த நிறம். நான் வேலை செய்த இடத்தில் ஒரே கோட்டை ஒருவர் கறுப்பு வெள்ளையிலும் மற்றவர் சிவப்பு நீலத்திலும் வைத்திருப்பார்கள். சிவப்புக்கு அர்த்தம் மேடு, நீலத்துக்குப் பள்ளம், அவ்வளவுதான். அதோடு, 1000 மீற்றரில் 100 மீற்றர் அலைநீளத்தில் ஒரு புள்ளி என்று தெரிவதே ஏறத்தாழ 220 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் கலவை. அவருடைய படத்திலோ வேப்பங்கொட்டை அளவில் இருபது சிவப்புப் பொட்டு, ஒவ்வொன்றும் கூர்மையான விளிம்போடு. இயற்கை அவ்வளவு சுத்தமாக எழுதுவதில்லை.

கேட்கச் சொன்னதைக் கேட்டீர்களா?

23.04.2024

தம்பி கேட்டாராம். "கல்லை அளந்தால் இரகசியம் வெளியே போய்விடும்" என்றாராம் அந்த மனிதர். இந்தப் பதிலுக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஒஸ்லோ அண்ணை, சிரிக்கிறதை நிறுத்துங்கள்.

28.04.2024

அடர்த்தி அளக்க ஆய்வுகூடம் வேண்டாம் என்பதற்காக: தோட்டத்தில் எடுத்த சுண்ணக்கல் துண்டை மருமகன் நூலில் கட்டிப் பழைய மரக்கறிக் கடைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தான். பிறகு வாளித் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி நிறுத்தான். வித்தியாசத்தால் காற்று நிறையை வகுத்தால் அடர்த்தி. முதல் துண்டு 2.5, இரண்டாவது 2.2, மூன்றாவது தண்ணீருக்குள் போகும்போது குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. பொந்து நிறைந்த கல், நிறை ஏறிக்கொண்டே போனது. மெழுகு பூசி மறுபடி செய்யச் சொன்னேன். மெழுகுதிரி அம்மாவின் சாமியறையில் இருந்து போனது என்று பிறகு தெரிந்தது.

19.05.2024

அச்சுவேலியிலிருந்து: அந்த மனிதர் இப்போது தொலைபேசி எடுப்பதில்லையாம். அப்பா காசு போடவில்லை. பக்கத்து வீட்டார் போட்டுவிட்டார்களாம், அரைப் பங்கு. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

தம்பி இப்போது வேறு கேள்வி கேட்கிறார். அந்தச் சம்மட்டியையும் பெட்டியையும் கொண்டு அவர்கள் வளவில் புதுக் கிணறு எங்கே வெட்டுவது என்று பார்க்கலாமா? தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. இங்கே நல்ல தண்ணீர் உப்பின் மேல் மிதக்கிறது, ஆழ வெட்டினால் உப்பைத்தான் தொடுவீர்கள். ஆனால் கல் எங்கே மேலே இருக்கிறது, எங்கே மண் ஆழம், எங்கே கோறை என்று சொல்லலாம். வெட்டுக் கூலியில் கொஞ்சம் மிஞ்சும். பெட்டி வைகாசி கடைசியில் மறுபடி கிடைக்கும். இரண்டு முனையிலும் அடிக்க இரண்டு ஆள் வேண்டும், எனக்குக் கை இன்னும் நோகிறது. அண்ணா அலவாங்கோடு வருவார்.

20.05.2024

சோறு உங்கள் வீட்டிலா எங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதா என்று மருமகன் கேட்கிறான்.